மறைத்துச் சொல்லலும் சொல்லாது மறைத்தலும்

விண்மீன்களின் தொலைவையும் கடலடியின் ஆழத்தையும் மாணவர்க்கு அளந்து காட்டும் கல்வி, அம்மாணவர் தம் உடலைப் பற்றியும் உள்ளத்தைப் பற்றியும் வினவும்பொழுது மட்டும் வாய்மூடி நிற்பதேன்? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. பழைய மாணவரும், பயிலும் மாணவரும், ஆசிரியப் பெருமக்களும் ஒருங்கே கண்ணுறும் இவ்விழா மலரில் அதனை எடுத்துப் பேசுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். கல்லூரியின் பழம்பெருமையை நினைவுகூரும் இடத்தில் இப்பொருள் எதற்கு என வினவலும் கூடும். தன் பிள்ளைகளின் நல்வாழ்வுக்கு வேண்டிய அறிவு எதனையும் ஒரு கல்லூரி தன் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுதல் ஆகாது என்பதே அவர்க்கு நாம் கூறும் விடை.

மனிதப் பாலியல்பு என்பது உயிரியலுக்கு மட்டும் உரிய பொருளன்று. ஆண் பெண் என்னும் வேறுபாடு, பருவமெய்தல், காதல், மணம், மகப்பேறு ஆகியவற்றைச் சூழ்ந்து ஒவ்வொரு சமுதாயமும் தனக்கென வழக்கும் விலக்கும் வகுத்துள்ளது. ஆகவே அது சமூகவியலுக்கும் உரியது. மேல்வகுப்புகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நடைபெறும் கலந்துரையாடல் வகுப்புகளில் அது முறையாக ஆராயப்படல் வேண்டும் என்பதும், அதனைத் தமிழிலேயே, தமிழ் மரபு வகுத்துத் தந்த ஒழுங்கிலேயே செய்தல் இயலும் என்பதும் எமது துணிபு.

இஃது மேனாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்பார் உளர். அவர்கள் தொல்காப்பியத்தை மறந்தவராவர். எழுத்தையும் சொல்லையும் ஆராய்ந்ததோடு அமையாது, வாழ்வின் பொருளையும் இலக்கணத்துள் அடக்கிய நூல் அது. பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் அகத்திணையியலும், களவியலும், கற்பியலும், பொருளியலும் பெரும்பான்மையும் ஆண் பெண் உறவையே ஆராய்வன. கூடலும், பிரிதலும், இருத்தலும், இரங்கலும், ஊடலும் ஐந்திணைக்கும் உரிப்பொருளாக வகுக்கப்பட்டன. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து நிறுத்தினர். இருவர் உள்ளமும் ஒத்த அன்பே அன்பின் ஐந்திணை எனக் கொண்டமையால், ஒருவர் இசையாத உறவு அன்பாகாது என்னும் கருத்து அவ்விலக்கணத்தின் அடியிலேயே கிடக்கின்றது. மனைவியின் பூப்பு நிகழ்ந்த பின்னர்ப் பன்னிரண்டு நாளும் கணவன் அவளை நீங்கி வாழ்தல் அறமன்று எனக் கற்பியல் விதிக்கின்றது. கருவுறுதலைப் பற்றிய சிந்தனை இலக்கண வகுப்பிலேயே இடம்பெற்றிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் நாணம் எங்கே என வினவுவார்க்கும் இலக்கணமே விடை தருகின்றது. அவையிற் கூறத்தகாத சொல்லைத் தொல்காப்பியர் அவையல்கிளவி என்றார். நன்னூலார் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி எனத் தகுதி வழக்கை மூன்றாக வகுத்தார். இடக்கரடக்கல் என்பது யாது? நாணத்தக்க பொருளை நேரே கூறாது, தக்க வேறு சொல்லால் உணர்த்துவது. இவ்விதியை நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிக்கின்றோம். மாணவரும் மனனஞ் செய்து தேர்விலே எழுதுகின்றனர். ஆயினும் அதன் உட்பொருளை நின்று நோக்குவார் சிலரே. மறைத்துச் சொல்லுக என்றே இலக்கணம் பணித்தது. சொல்லாது மறைத்துவிடுக என்று எங்கும் பணித்திலது.

இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை மறந்தமையே பிற்காலத்தில் நேர்ந்த இழுக்கு. திருக்குறளின் மூன்றாம் பாலுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள் உள்ளன. களவியலில் 7, கற்பியலில் 18. பதினெட்டாம் நூற்றாண்டில் குறளை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பெயர்த்து, மூன்றாம் பாலை விட்டுவிட்டார். 1886 ஆம் ஆண்டில் முப்பாலையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும் ஒரு மேனாட்டுப் பாதிரியாரே. ஆகவே இஃது மேனாட்டார்க்கும் நம்மவர்க்கும் இடையிலான வழக்கன்று. 2016 ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் திருக்குறளைப் பயிற்றுமாறு பணித்தபொழுது, அறத்துப்பாலும் பொருட்பாலும் அடங்கிய 108 அதிகாரங்களையே குறித்தது. இளஞ்சிறார்க்கு அதுவே ஏற்றது எனலாம். ஆயின் பதினெட்டும் இருபதும் கடந்த மாணவர்க்கும் அப்பால் திறவாத கதவாகவே இருந்துவிடின், வள்ளுவர் எவர் பொருட்டு அதனை இயற்றினார்?

இனி நாம் வாழும் கரையை நோக்குவோம். பெரியநீலாவணை தொடக்கம் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாலையில் இருநிறப் பூப்போல் அடுத்தடுத்துத் தொடுக்கப்பட்ட கரை இது. வழிபாடு வேறாயினும் இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தனர். வீடு பெண்மக்களுக்கே சீதனமாயிற்று. மணமகன் மனைவியின் வீட்டிற்கு வந்து வாழ்ந்தான். குடும்ப அமைப்பை ஆராயும் சமூகவியலார்க்கு இத்துணை வளமான நிலம் எளிதிற் கிடையாது.

அதனை அறிந்து வந்தவர் அயல்நாட்டாரே. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றில் தங்கி இரு சமூகத்தாரின் குடி, மணம், சடங்கு ஆகியவற்றை ஆராய்ந்தார். மட்டக்களப்புப் பகுதித் தமிழரிடையேயும் சோனகரிடையேயும் பாலியல் ஆற்றலும் கருவளமும் எவ்வாறு கருதப்படுகின்றன என்பது பற்றி 1982 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சூடு, குளிர்ச்சி எனும் உணவுப் பாகுபாடு, குருதி பற்றிய எண்ணம், பூப்புச் சடங்கு என நம் பாட்டிமார் அன்றாடம் பேசிய செய்திகள் ஆங்கில நூலுள் ஆய்வுப் பொருளாயின. எம்மைப் பற்றிப் பிறநாட்டு மாணவர் தம் வகுப்பிலே அமர்ந்து நாணமின்றி உரையாடுகின்றனர். ஒலுவிலில் 1990களின் நடுவில் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகமும் நம் வாயிலிலேயே நிற்கின்றன. அங்குக் கற்கும் நம் பிள்ளைகள் தம் ஊரைப் பற்றித் தம் மொழியில் அவ்வாறு உரையாட நாணுவராயின், அந்நாணத்தால் விளையும் பயன் யாது?

நாம் காணும் முரண் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அச்செய்தி உறவெங்கும் பரவுகின்றது. தனித்திருத்துகின்றனர், உழுந்தும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டுகின்றனர், அழைப்பிதழ் அச்சிட்டுப் பந்தலிட்டுச் சாமத்தியச் சடங்கு நிகழ்த்துகின்றனர். ஊரெல்லாம் அறிந்த அச்செய்தியின் காரணத்தை அறியாதவள் பெரும்பாலும் அப்பிள்ளை ஒருத்தியே. துடக்கு என்ற சொல்லை அவள் கேட்கின்றாள். தன் உடலில் நிகழ்ந்தது நோயா, குற்றமா, இயற்கையா என்பதை அவளுக்கு உரைப்பார் அரியர். அவளுடன் பிறந்த தம்பிக்கோ, அவன் குரல் உடைந்து மீசை அரும்பும் பருவத்தில், அவ்வளவு தானும் சொல்லப்படுவதில்லை.

இவ்விடத்தில் எமது முஸ்லிம் அயலாரின் வழக்கம் ஒன்று கருதத்தக்கது. மதரஸாக்களில் மார்க்கச் சட்டம் பயிலும் பிள்ளைகள் தூய்மை பற்றிய பாடத்தைத் தொடக்கத்திலேயே கற்கின்றனர். பருவமெய்தியோர்க்கு எப்பொழுது குளிப்புக் கடமையாகும், மாதவிடாய்க் காலத்தில் எவ்வணக்கங்கள் விலக்கு என்பன ஆங்கு மறைவின்றி, ஆனால் மரியாதையோடு கூறப்படுகின்றன. அதனைக் கேட்டு எப்பிள்ளையும் கெட்டதாக எவரும் சொல்லார். இதைச் சமய வகுப்புச் சொல்லலாம், சமூகவியல் வகுப்புச் சொல்லலாகாது என்பதற்கு நியாயம் யாது?

சொல்லாது மறைத்தலின் கேடு சடங்கோடு முடிவதில்லை. தன் உடலின் உறுப்புகளுக்கு அவையிற் சொல்லத்தக்க பெயரை அறியாத பிள்ளை, தனக்கு ஒருவன் இழைத்த தீங்கைத் தாயிடமும் ஆசிரியரிடமும் எந்தச் சொல்லாற் கூறும்? அறிந்த சொல் வசைச் சொல்லாகவே இருப்பின், அதனை உச்சரித்த குற்றத்திற்கே முதலில் அடிவாங்கும். தீங்கு செய்தவனுக்கு அம்மௌனமே அரண். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆணுக்கு இத்தகைய தீங்கு நேராது என்னும் பொய்யெண்ணத்தால் அவர்களின் வாய் இருமடங்கு அடைபடுகின்றது.

பெரியோர் வழங்கும் சொற்களும் ஆராயத்தக்கன. ஒருவன் ஒரு பெண்ணின் இசைவின்றி அவளை வன்முறைக்கு ஆளாக்கினால், நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் அதனைக் கற்பழிப்பு என்றே எழுதின. குற்றஞ் செய்தவன் அவன். அழிந்தது அவள் கற்பு எனத் தீர்ப்புரைத்தது அச்சொல். கெட்டுப்போனவள் என்ற ஊர்வழக்கும் அத்தகையதே. பாலியல் வல்லுறவு என்ற சொல் வழக்கிற்கு வந்தபின்பே பழி உரியவன்பாற் சென்றது. இழிசொற்களால் நெடுங்காலம் சுட்டப்பட்டோர்க்குத் திருநங்கை என்னும் பெயர் தமிழ்நாட்டில் வழங்கலாயிற்று. 2008 ஆம் ஆண்டில் அவர்தம் நலனுக்கென வாரியம் ஒன்றும் அங்கு அமைந்தது. ஆகவே இடக்கரடக்கல் மட்டும் இக்காலத்திற்குப் போதாது. அவைக்குத் தக்கதாகவும் பொருளைத் திரியாது காட்டுவதாகவும் உள்ள சொல் வேண்டும். மருத்துவர் முன்னும் நீதிபதி முன்னும் பூடகமாகப் பேசிப் பயனில்லை. அத்தகைய சொல்லை ஆய்ந்து தருதல் தமிழாசிரியர் கடன்.

இதனால் இளைஞர் கெடுவர் என்பதே எதிர்ப்பாளர் கூறும் முதன்மையான காரணம். இது நல்லெண்ணத்தால் எழுந்த அச்சம், எள்ளி நகைத்தற்குரியதன்று. இந்தியாவில் 2005 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007 இல் மாநிலங்கள் பல தடை செய்தன. நம் நாட்டிலும் ஏழாந் தரத்து மாணவர்க்கென ஆக்கப்பட்ட ‘ஹத்தே அபே பொத்த’ என்னும் சிங்கள நூல், மதகுருமார் சிலரின் எதிர்ப்பால் 2020 ஆம் ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்ப்போர் ஒரு மதத்தினர் மட்டுமல்லர் என்பது வெளிப்படை. ஆயின் ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் 2009 இல் வெளியிட்டு 2018 இல் திருத்திய வழிகாட்டி நூல், பல நாட்டு ஆய்வுகளையும் தொகுத்து நோக்கி, முறையான பாலியற் கல்வி இளையோரை அவ்வழியில் முந்தித் தள்ளுவதில்லை என்றே கூறுகின்றது. அன்றியும், கெடுவர் என அஞ்சும் பெற்றோர் பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசியை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர் வாய்மூடிய பாடத்தை அது இரவும் பகலும் கற்பிக்கின்றது. அங்குத் தகுதி வழக்கும் இல்லை. இசைவு என்னும் பேச்சும் இல்லை. பாடம் நடைபெறுமோ நடைபெறாதோ என்பதன்று இன்றைய வினா. எவர் ஆசிரியர் என்பதே வினா.

இலங்கை இத்துறையில் அச்சங் கொண்டு ஒதுங்கிய நாடுமன்று. 1953 இல் குடும்பத் திட்டச் சங்கம் இங்கு நிறுவப்பட்டது. பள்ளிகளில் பாலியற் கல்வியை 1955 இல் கட்டாயமாக்கிய சுவீடன் நாட்டுடன், 1958 இல் நம் அரசு குடும்பத் திட்ட முன்னோடி முயற்சிக்கு உடன்படிக்கை செய்தது. அதன் பயனாயும், வீடுதோறும் சென்ற மருத்துவிச்சிமாரின் உழைப்பாலும், மணமான பெண்டிர் இப்பொருளைத் தமிழிலும் சிங்களத்திலும் கூச்சமின்றிப் பேசக் கற்றனர். மணத்திற்குப் பின் பேசத்தக்கது, மணத்திற்கு முன் அறியத்தக்கதும் ஆகாதோ?

கல்லூரி வகுப்பொன்றிலிருந்து பேராய்வே பிறந்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராயிருந்த அல்பிரட் கின்சி, 1938 ஆம் ஆண்டில் திருமணம் பற்றிய பாடமொன்றை நடத்தலானார். மாணவர் கேட்ட வினாக்களுக்கு விடையளிக்க நூல்களில் போதிய சான்று இன்மை கண்டு, தாமே ஆராயத் தொடங்கினார். எதிர்ப்பு எழுந்தது, 1940 இல் பாடமா ஆய்வா என ஒன்றைத் தெரியுமாறு பணிக்கப்பட்டு, ஆய்வைத் தெரிந்தார். 1948 இலும் 1953 இலும் வெளிவந்த அவருடைய நூல்களின் முறையிற் குறை கண்டோர் பலர். ஆயினும் மாணவனின் வினாவை மதித்த ஆசிரியர் ஒருவர் அறிவின் எல்லையையே அகற்றினார் என்பதை எவரும் மறுத்தல் அரிது.

நம் வகுப்பு எவ்வாறு நடத்தல் வேண்டும்? ஈண்டும் அகத்திணை வழிகாட்டுகின்றது. அகப்பாட்டுள் தலைவன் தலைவியர் எவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறுதல் இல்லை. பெயர் சுட்டினால் அஃது அகமாகாது, ஊரலராகும். கலந்துரையாடல் வகுப்பின் முதல் விதியும் அதுவேயாகுக. எவர் பெயரும் எடுக்கலாகாது. எவரும் தம் கதையைக் கூறுமாறு கேட்கப்படலாகாது. கூசும் மாணவர் தம் வினாவைப் பெயரிடாது துண்டுத்தாளில் எழுதித் தருக. ஆசிரியர் அதனைத் தக்க சொல்லால் அவைக்கு உரைப்பாராக. எதனைக் கற்பிக்கப் போகின்றோம் என்பதைப் பெற்றோர்க்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். ஆணும் பெண்ணும் ஒருங்கிருப்பதா தனித்திருப்பதா என்பதை அவ்வவ்வூர் முடிவு செய்க. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கை உரைக்குமாயின், ஆசிரியர் விசாரணை நடத்தப் புகாது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்திற்கு அறிவித்தல் வேண்டும். அச்சபை 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் இதன்பொருட்டே அமைக்கப்பட்டது.

அவ்வகுப்பில் எடுத்தாளத்தக்க பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றோம். நம் நாட்டின் பொதுச்சட்டம் 1995 இல் திருமணத்திற்குரிய குறைந்த வயதைப் பதினெட்டாக்கியது. அதே ஆண்டில் தண்டனைச் சட்டக் கோவைக்குச் செய்த திருத்தம், பதினாறு வயது நிரம்பாத பெண்ணின் இசைவை இசைவாகக் கொள்ளாது விலக்கியது. எனினும் அவள் பன்னிரண்டு வயதைக் கடந்த மனைவியாயின் அவ்விதிக்குப் புறனடையும் வைத்தது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்த வயது எதனையும் விதியாது, பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுமியின் மணத்திற்குக் காதியாரின் அனுமதி வேண்டும் என்ற அளவில் நின்றது. அதனைச் சீர்திருத்த 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு 2018 இல் அறிக்கை தந்தது. உறுப்பினரிடையே கருத்து ஒன்றாகவில்லை. முஸ்லிம் பெண்டிரும் அறிஞரும் இருபாலும் நின்று வாதிட்டனர். இந்துக்களாகிய நாம் பிறர் வீட்டு வழக்கைத் தீர்க்கப் புகுதல் முறையன்று. நம் முன்னோரிடையும் பால்ய விவாகம் இருந்ததை மறத்தலும் முறையன்று. ஆயின் உடல் முதிர்வும் உள்ளமுதிர்வும் ஒன்றா, இசைவு என்பது எவ்வயதில் இசைவாகும் என்னும் வினாக்கள் எல்லா வீட்டிற்கும் பொதுவானவை. ஆசிரியர் தீர்ப்புக் கூற வேண்டா. சட்டத்தையும், மார்க்க அறிஞரின் கருத்து வேறுபாட்டையும், மருத்துவர் கூற்றையும் முன்வைத்து, தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அமைதியாக ஆராயச் செய்தாற் போதும்.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பார்க்கு ஒரு வார்த்தை. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மகப்பேற்று மருத்துவ நூலைத் தமிழிற் பெயர்த்து வெளியிட்டார். காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தார். அறிவியல் எதனையும் தமிழ் தாங்கும் என்பது அவர் கொள்கை. அவர் பிறந்த மண்ணிலே நின்று, இவ்வொரு துறைக்கு மட்டும் தமிழ் வளமற்றது எனக் கூறுதல் பொருந்துமோ?

ஆதலின் ஆசிரியர் கலாசாலைகளும் கல்வியியற் கல்லூரிகளும் இப்பொருளை நாணாது நடத்தும் பயிற்சியை ஆசிரியர்க்கு அளித்தல் வேண்டும். பழைய மாணவராகிய மருத்துவரும் வழக்கறிஞரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கல்லூரிக்கு வந்து மேல்வகுப்பு மாணவரின் வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். கட்டடத்திற்கு நிதி திரட்டும் அதே கைகள், சிறந்த கலைச்சொல் ஏடொன்றை அச்சிடவும் உதவலாம். செலவு சிறிது, பயனோ பெரிது. தனக்கு நேர்ந்ததைத் தக்க சொல்லாற் சொல்லவும், பிறர் இசையாமையைக் கேட்டவுடன் விலகி நிற்கவும் அறிந்த ஓர் இளைஞர் தலைமுறையை இக்கல்லூரி அடுத்த விழாவிற்குள் உருவாக்கித் தருமாயின், அதனினும் சிறந்த விழா நினைவுச் சின்னம் பிறிதொன்று இருத்தல் அரிது.